மூணு மூச்சு

பொழுதுபோக்காக ஹாம் ரேடியோவில் பேசும் வெல்டரைப் பொறுத்தவரை, வானத்தில் போவதுதான் ரேடியோ. மாடி ஆன்டெனாவில் கிளம்பும் குரல் யார் தயவும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். அவர் மச்சினன், லாரி டிரைவர், வேறு மாதிரி. குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் மலையுச்சி ரிப்பீட்டருக்கு ஒரு சாட்டிலைட் டிஷ்ஷை மாட்டி இன்டர்நெட்டோடு இணைத்துவிட்டான். "அதுக்குப் போன்லயே பேசித் தொலைக்கலாமே" என்று வெல்டர் நக்கலடித்ததில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

இன்று மதியம் மலைச்சாலை சரிந்தது. அங்கே போன் டவர்கள் படுத்துவிட்டன. மச்சினன் லாரியோடும் கை ரேடியோவோடும் அங்கேதான் எங்கேயோ இருந்தான். எந்த வளைவு என்று தெரியாமல் மீட்பு வண்டி அடிவாரத்தில் தேடிக்கொண்டிருந்தது. வெல்டர் ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் மலை குறுக்கே நின்றது.

மனைவி அவரைக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து தம்பியின் இணைப்புக்குள் நுழைந்தாள்.

"மாமா... கால் மாட்டி..." குரல் அறுந்தது.

வெல்டர் பாய்ந்து லேப்டாப்பில் பேசும் பொத்தானை அமுக்கினார். "எங்கடா இருக்க? எந்த வளைவு?" விட்டார். உடனே மறுபடி அமுக்கினார். "கேக்குதா?" பொத்தானை விட்ட கையோடு மறுபடி பிடிப்பதுதான் ரேடியோவில் அவர் பெருமை. பதிலே இல்லை. மூன்றாம் முறையும் அமுக்கப் போனார்.

மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க விட்டாத்தானே அவன் பேசுவான்? பேசி முடிச்சா மூணு மூச்சு பொறுக்கணும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டானே."

நெட்டைச் சுற்றி வரும் குரலுக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் இவர் அமுக்கினால் வந்த குரல் வெளியிலேயே நின்றுவிடும். இத்தனை நேரம் அவன் வாயைப் பொத்தியது தன் கைதான் என்று வெல்டருக்கு உறைத்தது.

எந்த வளைவு என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஒரு மூச்சு. இரண்டு. மனைவியின் நகம் அவர் தோளில் பதிந்தது. மூன்று.

"...ஒம்பதாவது வளைவு, மேல் பக்கம். பேட்டரி போகுது மாமா."

மனைவி மீட்புக்காரர்களிடம் போனில் கத்த, வண்டி மேலே திரும்பியது.

"வர்றாங்க மாப்ளே. பேசாத, பேட்டரிய வச்சுக்கோ."

பொறுத்தார். ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு பொழுது சாயும்வரை இருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் லேப்டாப் கரகரத்தது. மச்சினன்தான்; மீட்பு வண்டியிலேயே சார்ஜ் போட்டிருக்கிறான்.

"மாமா, இது ரேடியோவா, போனா?"

வெல்டர் பொத்தானை அமுக்கினார். மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவன் பொறுமையாக இருந்தான்.

"ரேடியோதான்டா" என்றார், அழுதுகொண்டே. பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார்.