பால்சோறு தின்ற கிளி

1

“இந்தக் கிளிக்குப் பால்சோறு போட மாட்டோம்னு வாக்குக் குடுங்க. அப்பத்தான் நான் ஒங்க வீட்டுக்கு வருவேன்.”

நிச்சயம் பேச வந்து உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம் கல்யாணப் பெண் ஞானசெல்வி வாயைத் திறந்து கேட்டது இது. நீயாக எதையும் கேட்கக் கூடாது, தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது என்று காலையில் தலை வாரிவிடும்போதே அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது கதையே இல்லை. ‘கிளிக்குஞ்சின் அலகும் அதன் உணவும்’ என்று ஒரு கட்டுரை. பெண்கள் பகுதி வைத்திருக்கிற பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. இதை யார் படிப்பார்கள், கதையாக எழுதுங்கள், கூண்டும் கிளியும் குறியீடாக வரட்டும் என்று ஆசிரியர் யோசனை வேறு. சரி, கதை. ஆனால் இதில் வருகிற கிளி, கிளிதான். ஞானசெல்வியைக் கூண்டுக்குள் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

மேற்கே மலை நீலமாகப் படுத்திருக்க, முல்லையாற்றுக் காற்றில் அவள் கூந்தல்

வேண்டாம். மலை எங்கேயும் ஓடிவிடாது. கடையிலிருந்து தொடங்குகிறேன்.

தேனி கடைவீதியில் ஜெபமணிக்குத் தவசக் கடை. கம்பும் சோளமும் தினையும் மூடை மூடையாகக் கீழே, வீடு மாடியில். கையெழுத்துக்கு மேல் யாரும் படிக்காத அந்தக் குடும்பத்தில் அவருடைய மகள் மதுரையில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்து, எழுபத்தாறில் பட்டம் வாங்கினாள். வாங்கிய கையோடு போடியிலிருந்து சம்பந்தம் வந்தது. ஏலக்காய் வியாபாரிகள். மாப்பிள்ளை பொன்னுராஜ். அவன் அம்மா சொர்ணத்தாய் பெண் பார்க்க வந்த அன்று, தன் வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லுகிற கிளி ஒன்று இருந்து செத்துப்போனதையும், அது இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடப்பதையும் பேச்சுவாக்கில் சொன்னாள்.

பெண்ணைப் பெற்றவருக்குச் சம்பந்தி வீட்டில் பேச்சுவாக்கு என்று ஒன்று கிடையாது. ஜெபமணி காமயகவுண்டன்பட்டிக்குப் போய், தென்னைப் பொந்தில் எடுத்த குஞ்சு ஒன்றை வாங்கி வந்தார். கல்யாணத்துக்குள் அது “ஸ்தோத்திரம்” சொல்லப் பழகியாக வேண்டும். சீர்வரிசையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஸ்தோத்திரம் சொல்லும் கிளி.

பேச்சு வர வசம்பை உரசி நாக்கில் தடவினார். மூன்று வேளையும் பால்சோறு ஊட்டினார். கடுசானதைத் தின்றால் பேச்சும் கடுசாகிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கீழே கடை நிறையத் தானியம், மேலே கிளிக்குக் குழைந்த சோறு.

[அடிக்குறிப்பு, திரும்பி வந்த கட்டுரையிலிருந்து: கிளியின் அலகு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், கொட்டையை உடைத்து, குச்சியைக் கடித்துத்தான் தேயும். பால் பறவைக்குச் செரிக்காது. சுண்ணாம்புச் சத்தும் காலை வெயிலும் கிடைக்காத குஞ்சின் அலகு இறுகாது. கம்பு, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கொய்யா கொடுங்கள். கடிக்க வேப்பங்குச்சி. கொத்துவதற்கு, நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிற கணவாய் ஓடு. இதில் குறியீடு எதுவும் இல்லை.]

3

ஞானசெல்வி ஒருநாள் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேல் அலகு ஒருபக்கமாகச் சரிந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. கட்டைவிரலால் தொட்டாள். அமுங்கியது. பரிசோதனைக்கூடத்தில் எத்தனையோ தவளையை அறுத்தவள்தான். அன்றைக்கு இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்க மனசு வரவில்லை.

ஊறவைத்த பயறு ஒன்றை நீட்டினாள். கிளி வாங்கியது, நழுவவிட்டது. இன்னொன்று. அதுவும் நழுவியது. அப்பாவிடம் சொன்னாள். மொதல்ல பேசட்டும்த்தா, பெறகு எதையும் போடலாம் என்றார். பிறகு என்பது போடியில். அங்கே இது என்ன தின்னும் என்று யாரைக் கேட்பது?

ஆகவே, முதல் வரி.

4

பொன்னுராஜை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்தேன். அவன் கெட்டவன் என்றால் எனக்கு வேலை சுளுவு. அதனாலேயே அந்த வரைவை அடித்துவிட்டேன். இரண்டாவதில் எழுந்து அவள் பக்கம் நின்றான். அப்படி நின்ற மாப்பிள்ளையை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை, அதையும் அடித்துவிட்டேன். மிஞ்சியவன், கூடத்தில் வைத்திருந்த கிளிக்கூண்டுக்குள் விரலை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“கடிக்குமா?”

“இப்பக் கடிக்க முடியாது. கடிக்க வைக்கணும்னுதான் இவ்வளவும் கேக்குறேன்.”

விரலை எடுத்துக்கொண்டான்.

படிச்ச புள்ள, வேடிக்கையாப் பேசும் என்று ஜெபமணி சமாளித்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன், பொண்ணு பால்சோறு வேணாங்குது, கறிச்சோறு போட்ருவோம் என்றதும் கூடமே சிரித்தது. அவள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று அத்தனை பேரும் முடிவுகட்டிவிட்டார்கள். எல்லாரும் பத்திரிகை ஆசிரியர்கள்.

ஞானசெல்வி சொர்ணத்தாயிடம் மட்டும் பேசினாள். செத்துப்போன கிளிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். பால்சோறுதான், பிள்ளை மாதிரி வளர்த்தோம் என்றாள் அந்த அம்மாள். எத்தனை வருசம் இருந்தது என்றதற்கு, வருசமா, எட்டு மாசம் இருக்கும் என்றாள். கடைசியில் மூக்கு கோணிப்போய் ஒன்றும் தின்னவில்லையாம். ஆனால் சாகிற அன்றைக்குக்கூட ஸ்தோத்திரம் சொன்னதாம். போடியே வந்து கேட்டுவிட்டுப் போனதாம்.

“அத்தை, இதுக்கும் மூக்கு கோணிக்கிட்டுத்தான் வருது. இப்ப மாத்துனாப் பொழைச்சுக்கும்.”

சொர்ணத்தாய் அவள் கன்னத்தைத் தடவினாள்.

“பேசுற கிளிக்கு மூக்கு எதுக்கு ஆத்தா? அதான் நாம ஊட்டுறோம்ல.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எளிதாக எழுதிவிடுவேன். அவள் பிரியமாகத்தான் சொன்னாள்.

5

முடிவுகள் சில கைவசம் இருந்தன. சொர்ணத்தாய் மனம் மாறி வாக்குக் கொடுப்பது, நானே நம்பவில்லை. ஞானசெல்வி கல்யாணம் செய்துகொண்டு, மாமியாருக்குத் தெரியாமல் கம்பு போடுவது. பெண்கள் பகுதியில் உடனே போடுவார்கள். கூண்டைத் திறந்துவிட, கிளி மலையைப் பார்க்கப் பறப்பது. ஆசிரியர் எதிர்பார்ப்பது இதைத்தான். எழுதியும் பார்த்தேன். கொட்டையை உடைக்க முடியாத கிளி மலையில் போய் எதைத் தின்னும்? பட்டினியில் செத்துக்கிடக்கும். ‘விடுதலை’ என்று வேண்டுமானால் தலைப்பு வைக்கலாம்.

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எழுந்துவிட்டாள். போடியிலிருந்து வந்த நிச்சயப் புடவையை மடிப்புக் கலையாமல் சம்பந்தி வீட்டார் பக்கம் நகர்த்தி வைத்தாள். கூண்டைத் தூக்கினாள்.

“ஏட்டி, எங்க போற?” என்றாள் அம்மா.

“கடல்நுரை வாங்க.”

அவள் ராத்திரி எங்கே தங்குவாள், அலகு நேராகுமா, பொன்னுராஜ் பின்னால் ஓடி வருவானா என்று கேட்கிறவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பால்சோறு மட்டும் போடாதீர்கள்.

ஞானசெல்வி படியிறங்கினாள். கடைக்குள் நின்று, கம்பு மூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்தாள். கூண்டை வெயில் விழுகிற பக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டு கடைவீதியில் நடந்தாள்.