இரண்டாவது அடையாளம்

படகில் தண்ணீர் ஏறுகிறது என்று திருமுருகன் போனில் சொன்னபோது, அவன் மனைவி அங்கம்மா எண்ணூர் கரையில், மீனவர் சங்கத்துக் கம்பத்தடியில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தாமோதரன் உடனே வேறொரு படகைத் தள்ளி இன்ஜினைப் போட்டுவிட்டான். எங்கே போவது என்பதுதான் தெரியவேண்டும். கடலில் இடம் சொல்ல இவர்களுக்குக் கரையில் இரண்டு அடையாளம் வேண்டும். ஒன்று எந்தக் கோடு என்று காட்டும், மற்றது அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் என்று காட்டும்.

அத்தனை தூரத்துக்கு போன் எடுத்ததே கம்பத்தில் இருந்த சிக்னல் பெட்டியால்தான். விம்கோ நகரில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. உள்ளே இருக்கும் நுட்பத்தின் காப்புரிமை தங்களுடையது, உரிமக் கட்டணம் கட்டவில்லை என்று, இந்தக் கடலைக் கண்ணால் பார்த்திராத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டுப் பறிமுதல் ஆணை வாங்கியிருந்தது. அந்த ஆணையோடு இன்றைக்கென்று பார்த்து அதன் வக்கீல் வந்து நின்றார். பெட்டியை மாட்டிய ஜெரால்டையே கழற்றவும் கூலிக்குப் பிடித்து வந்திருந்தார்.

"வள்ளூர் பொகக்கூண்டு நம்ம கோயில் கோபுரத்துக்கு நேரா கீது," என்றான் திருமுருகன். "அப்பால தெக்கால பாத்தா..."

கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அங்கம்மா கெஞ்சினாள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக் கழற்றச் சொன்னார். ஜெரால்டு வயரைப் பிடித்தான். கோபத்தில் கண் தெரியாது என்பதெல்லாம் சும்மா. அவளுக்கு அந்தக் கை நன்றாகவே தெரிந்தது. மீன் கத்தியை வீசினாள். கம்பத்தில் பட்டுக் கத்தி நின்றது. இரண்டு விரல் மணலில் விழுந்தன. வயரும் துண்டாகித் தொங்கியது. போனில் சத்தம் நின்றுபோனது.

கரையிலிருந்த ஜனம் வந்தவர்கள் இருவர் மேலும் பாய்ந்தது. துடுப்பு பட்டு மூக்கு உடைந்த வக்கீல் ரோட்டுப் பக்கம் ஓடினார். ஓட முடியாத ஜெரால்டு முகத்தில் மிதி வாங்கினான்.

"ரெண்டாவது இன்னா அண்ணி?" தாமோதரன் தண்ணீரிலிருந்து கத்தினான்.

அங்கம்மா வயரைப் பார்த்தாள். ஓடிப்போய் ஜெரால்டின் மேல் விழுந்தாள். நாலைந்து உதை அவள் முதுகில் இறங்கியது.

"அடிக்காதீங்கடா. இத்த ஒட்டத் தெரிஞ்சவன் இவன் ஒர்த்தன்தான்டா."

முந்தானையைக் கிழித்து அவன் வலது கையைச் சுற்றிக் கட்டினாள். அவனைத் தூக்கிக் கம்பத்தில் சாய்த்து, அறுந்த வயரை இடது கையில் வைத்தாள். அவன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். மற்றது வீங்கி மூடியிருந்தது. பிறகு வயரின் முனையை ரத்தம் வழியும் வாய்க்குக் கொண்டுபோய், மேல் தோலைப் பல்லால் உரிக்க ஆரம்பித்தான். தாமோதரனின் படகு நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.