பேட்டி எடுப்பவர் பேசக் கூடாது

வகுப்புப் பயிற்சிக்காக நான் எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவை மேடம் நிறுத்திவிட்டு, "அக்கா, இதுல பேட்டி கொடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மேடம். பத்தாவது படிக்கிறா."

"அப்படியா? எனக்கு என்னவோ நீங்க கொடுக்கிற மாதிரி இருக்கு." மறுபடி ஓட விட்டார். அறை முழுக்க என் குரல். ஸ்கூல்ல பிரெண்ட்ஸோட ஏதாவது பிரச்சனையாடா, இருக்கத்தானே செய்யும், இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான், எங்க கடைக்கு ஒரு பொண்ணு வரும் பாரு என்று ஆரம்பித்து, அந்தப் பெண்ணின் கதை, அவள் அத்தையின் கதை, அத்தைக்கு முடி கொட்டிய கதை. நடுவில் ஒரு சின்னக் குரல் "ம்" என்கிறது. கொஞ்ச நேரம் கழித்து "ஆமா ஆன்ட்டி" என்கிறது. அந்தப் பெண் ஒரு தடவை மூச்சை இழுத்து எதையோ சொல்ல வருகிறாள். அது நன்றாகக் கேட்கிறது. அதற்குள் நானே கேள்விக்குப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டேன். எனக்குக் காது கூசியது.

முடி வெட்டுவது என் தொழில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கத்தரி பிடித்தவள். எங்கள் தொழிலில் மௌனம் கெட்ட சகுனம். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் பேசாமல் இருக்கிறாள் என்றால் வெட்டியது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் அதை உணர்வதற்குள் நான் மழையைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ எடுத்து விட்டாக வேண்டும். கத்தரி நின்றாலும் வாய் நிற்கக் கூடாது. வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு முடியைப் பிரிக்கும்போது மட்டும்தான் என் கடையில் அமைதி.

இப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்துக்குப் போய் மாலை வகுப்பில் சேர்ந்ததற்கும் கடைதான் காரணம். அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். "ஒட்ட வெட்டிடுங்க, பேன் தொல்லை தாங்கல" என்பார்கள். அந்தப் பிள்ளை கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கும். அம்மாவைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும். ஒரு குழந்தையின் தலைமுடி யாருக்குச் சொந்தம் என்று எனக்குள் ரொம்ப நாளாக ஒரு குடைச்சல். 'குழந்தைப் பருவம், இளமை, சமூகம்' என்று ஒரு படிப்பு இருப்பதாக வாடிக்கையாளர் ஒருத்தி சொன்னதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். கூடப் படிப்பவர்கள் என் மகன் வயதை ஒட்டிய பிள்ளைகள், அன்று பூராவும் அதை வைத்தே அடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "பிள்ளையை வளர்த்து முடிச்சுட்டு, இப்பப் போய் சிலபஸ் பாக்கறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மேடம் என்னைவிடச் சின்னவர். ஒருநாள் வாய் தவறி அக்கா என்றார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் மார்க் விஷயத்தில் அக்கா தங்கை எல்லாம் கிடையாது. "இன்னொரு பேட்டி எடுங்க. அதுலயும் நீங்களே பேசினீங்கன்னா, அடுத்த வருஷம் மறுபடி இதே பேப்பர்தான்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்னைக் கண்டாலே டியூஷன் இருக்கிறது என்று நழுவுகிறாள். என் மகனை எடுக்கலாமா என்று கேட்டேன். மேடம் யோசித்தார்.

"பயிற்சிதானே, எடுங்க. ஆனா சொந்தப் பிள்ளைன்னா ரூல் ரெண்டு மடங்கு. அவன் சொல்றது பேட்டி எடுக்கிறவங்ககிட்ட. அம்மாகிட்ட இல்ல. அப்பாகிட்ட சொல்லக் கூடாது. அப்புறமா அம்மாவாப் போய் அவன்கிட்டயே அதை எடுத்தும் பேசக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றேன். அப்போது அது சுலபமாகத்தான் தெரிந்தது.

மகனுக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் தொட்டியில் இறங்கினால் வெளியே வர மாட்டான் என்று அவன் அப்பா வைத்த பெயர் தவளை. இப்போது என்னைவிட ஒரு தலை உயரம், ஆனாலும் தவளைதான். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நீச்சல் குளத்துக்குப் போவான். அவன் அப்பா சலவை நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்பு மூட்டைகளை ஏற்றிவரும் வேலை. போகிற வழியில் இவனைக் குளத்தில் இறக்கிவிட்டுப் போவார். அதற்காகவே அவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது.

சாப்பாட்டு மேஜையில் கைபேசியை நடுவில் வைத்துப் பதிவை ஆரம்பித்தேன். விதிகளைச் சொன்னேன். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டாம், இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். சொல்லி முடித்ததும் கொண்டையிலிருந்து கிளிப்பை உருவி வாயில் கவ்விக்கொண்டேன்.

"எதுக்கும்மா அது?"

நான் வாயைக் காட்டி, பூட்டு மாதிரி சைகை செய்தேன். அவன் சிரித்தான். கிளிப்பை எடுத்துவிட்டு, "உன்னோட ஒரு நாள் எப்படி ஆரம்பிக்கும், சொல்லு" என்று கேட்டேன். திரும்பக் கவ்விக்கொண்டேன்.

"நீச்சலுக்குப் போவேன்." அவ்வளவுதான். பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. தினமும் போறியே, கஷ்டமா இல்லையா, பசிக்குமே, இந்த முறை போட்டியில் சேரப் போறியா, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நிற்கிறது. பல்லில் கிளிப். தவளை மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான். நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தான்.

"எனக்கு நீச்சல் பிடிக்கலம்மா. ரொம்ப நாளாவே."

கிளிப்பைக் கடித்த கடியில் பல் வலித்தது.

"ஆனா வண்டில அப்பாகூடப் போறது பிடிக்கும். வீட்ல அப்பா வேற, வண்டில வேற ஆளு. பாடுவாரு, தெரியுமா? பாதிப் பாட்டுக்கு வரி தெரியாது, அவரே போட்டுக்குவாரு. சிக்னல்ல நிக்கிறவங்களை எல்லாம் வச்சுப் பாட்டுக் கட்டுவாரு. ஒரு நாள் நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி என்னாச்சுன்னு கேட்டான்." முகம் முழுக்க சிரிப்பு. மெல்ல அது அடங்கியது. "நீச்சல் வேணாம்னு சொன்னா அதுவும் போயிடும்ல. அதான் போறேன்."

அப்புறம் என்னென்னவோ பேசினான். என் காதில் பாதிதான் ஏறியது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இந்த மனுஷன் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. குளிக்கும்போதுகூட முனகி நான் கேட்டதில்லை. மகன்மேல் பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த இரண்டு பேர்மேலும் ஆசை பொங்கியது. பதிவை நிறுத்தியதும் அவன் கேட்டான், "அப்பாகிட்ட சொல்லிடாதே. ரூல் இருக்குல்ல?"

தலையாட்டினேன். கிளிப் இன்னும் வாயில்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கூடத்தில் தரையிலேயே படுத்துவிட்டார். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது. வெந்நீர்ப் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சலவைக் கூடத்துல மேற்பார்வைக்கு என்னைக் கேக்கறாங்க. மூட்டை தூக்க வேண்டாம். உக்காந்து பாக்கற வேலை."

"அப்பாடா. எப்ப சேரணும்?"

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன். திங்கட்கிழமை பதில் சொல்லணும். விடியறதுக்குள்ள அங்க இருக்கணுமாம், வண்டியும் கிடையாது. தவளையை யாரு கொண்டுபோய் விடறது? அந்நேரத்துக்கு பஸ் ஏது? அவனுக்குத் தண்ணின்னா உயிரு. இந்த இடுப்பு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

என்னத்தைச் சொல்ல. ஒரு வார்த்தை போதும். அவனுக்கு நீச்சல் பிடிக்கலைங்க என்றால் முடிந்தது, இடுப்பு பிழைத்துவிடும். ஆனால் சொன்னது யார் என்று தவளைக்குத் தெரிந்துவிடும். பல வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்த பிள்ளை, அதோடு மூடிக்கொள்வான். அதுவும் போகட்டும். இந்த மனுஷன், தான் பாடுவதைக் கேட்கத்தான் பிள்ளை வருகிறான் என்று தெரியாமலே பாட்டை விட்டுவிடுவார். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. வெந்நீர்ப் பையை ஓங்கி அழுத்திவிட்டேன் போல. "மெதுவா, மெதுவா, உயிரை எடுத்துடாதே" என்றார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். யாரிடமும் பேசப் பிடிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வரும் டீச்சரம்மா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, வீட்டுல சண்டையா? இல்ல என் முடியைக் கெடுத்துட்டியா?" என்றார். இரண்டும் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. கையால் பின்னந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

மதியம் மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ஒரு சந்தேகம். ஒரு பையன் இருக்கான்னு வச்சுக்குங்களேன்..."

"அக்கா, வேண்டாம். எந்தப் பையன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்டயும் சொல்லாதீங்க. அப்புறமா உங்க பேட்டியை எழுத்துல படிக்கும்போது படிச்சுக்கறேன்."

"அதில்ல மேடம், ஒருத்தரோட உடம்பு சம்பந்தப்பட்டது."

"யாருக்காவது ஆபத்துன்னா சொல்லியே ஆகணும். மத்தபடி உங்க வாய் வழியா வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான்க்கா" என்றார். வெளியே வருவது தப்பில்லை, என் வாய்தான் தப்பு. முடியைக் கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தி சாயும் நேரம். தவளை மளிகைக் கடைக்குப் போயிருந்தான். என் வீட்டுக்காரர் வேனின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, நாளைக்கு வண்டில போகும்போது அந்த வேலையைப் பத்தி அவன்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு, நீ என்னடா நினைக்கிறேன்னு கேளுங்க."

"எதுக்கு? நமக்காக அப்பா அந்த வேலையை வேண்டாம்னுட்டாருன்னு மனசு கஷ்டப்படுவான்."

"கேளுங்களேன். கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அதுதான் முக்கியம்."

"அவன் ஒண்ணும் சொல்லலைன்னா?"

"சும்மா இருங்க. அவன் சொல்ற வரைக்கும். நடுவுல நீங்களே பதில் சொல்லக் கூடாது, பாடக் கூடாது..."

துணி நின்றது. மெல்லத் திரும்பினார். காது இரண்டும் சிவந்து போயிருந்தன. நாற்பத்தைந்து வயது மனுஷனுக்கு இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் பார்த்ததே இல்லை.

"நான் எப்ப பாடினேன்?"

என் வாயில் மண்ணைப் போட. "பாட்டுப் போடக் கூடாதுன்னு சொன்னேன். ரேடியோல" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "இதெல்லாம் அங்க சொல்லித் தர்றாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க. இதுக்குத்தான் பீஸ் கட்டியிருக்கேன்."

திங்கட்கிழமை விடிவதற்கு முன் இருவரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வேன் கதவு சாத்தும் சத்தம் இரண்டு முறை கேட்டது. இஞ்சின் உறுமியது. வழக்கமாக அடுத்த நொடியே தெருமுனை திரும்பிவிடும். இன்று திரும்பவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேன் வாசலிலேயே நின்றது. உள்விளக்கு எரிந்தது.

அப்போதுதான் செருப்பு அலமாரிமேல் தவளையின் நீச்சல் பையைப் பார்த்தேன். துண்டு, நீச்சல் கண்ணாடி, எல்லாம் அதற்குள். ஒரு நாளும் மறக்காத பிள்ளை. சட்டென்று எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டேன், தாழ்ப்பாளில் கைகூட வைத்துவிட்டேன். "டேய், பை" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். தலையிலிருந்து கிளிப்பை உருவிக் கவ்விக்கொண்டு, திரும்ப ஜன்னலுக்கே வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதட்டை உள்ளே மடித்து, கிளிப்பைக் கவ்வியிருப்பவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். தவளை தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் போனதோ. அப்புறம் அவன் கை அசைய ஆரம்பித்தது. முதலில் ஒரு கை, பிறகு இரண்டும். இஞ்சின் நின்றது.

குளிர்காலத்து மூச்சில் வண்டிக் கண்ணாடி மெல்ல வெளுத்தது. முதலில் முகங்கள் போயின, பிறகு கைகளும். ஈரப் பையின் குளோரின் வாடை என் மார்பில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து கண்ணாடியைத் துடைத்தது. யாருடைய கை என்று தெரியவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் வீட்டுக்காரரின் வாய் மட்டும் தெரிந்தது. அது அசைந்துகொண்டிருந்தது. பேசுகிறாரா பாடுகிறாரா, இங்கிருந்து கேட்கவில்லை.