எட்டிப்பா

எங்க ஆபீஸ்ல செம்பு வாங்கி விப்போம். ஆனா அங்க யாரும் ஒரு செம்புக் கம்பியைக்கூடக் கையால தொட்டதில்ல. ஸ்கிரீன்ல விலையைக் காட்டி ஒரு பச்சைக் கோடு ஓடும். அது ஏறினா கத்துவாங்க, இறங்கினா அதைவிடக் கத்துவாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கோடும் அசையாது, ஆளுங்களும் அசைய மாட்டாங்க. ஜன்னல் வெயில் கார்பெட்ல வந்து படுத்துக்கும். அந்த நேரத்துல மொத்த ரூமும் தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி எனக்குத் தோணும்.

அந்த ரூமுக்குன்னு தனி பாஷை உண்டு. வித்துக்கிட்டிருந்த ஆளு திடீர்னு வாங்க ஆரம்பிச்சா "சட்டை மாத்திட்டான்"னு சொல்லுவோம். எப்பவோ ஒருத்தர் சட்டையில டீயைக் கொட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய் வேற போட்டுட்டு வந்தவர், காலையில வித்ததையெல்லாம் திரும்ப வாங்கினாராம். அவர் போயிட்டார், சட்டை மட்டும் இங்க தங்கிடுச்சு. எங்க மேனேஜர் பேரு ஈரத்துணி. யாராவது ஆசையா ஒண்ணு சொன்னா உடனே மூடி அணைச்சிடுவார். எனக்குப் பேரு கொட்டாவி. ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

அந்த பாஷையில ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வந்தது. எட்டிப்பா.

என் பொண்ணு குழந்தையா இருந்தப்ப மத்தியானம் என் கைமேல தலை வச்சுத்தான் தூங்குவா. கண்ணு சொக்கும், மூச்சு சீராகும். சரி, தூங்கிட்டான்னு நான் மெதுவா கையை உருவினா, தலையைத் தூக்குவா. அரைக் கண்ணால பாத்து "எட்டிப்பா"ம்பா. எட்டிப் பாத்தேன்ப்பான்னு அர்த்தம். நான் இருக்கேனான்னு பாக்குறா. இருந்தா திரும்பப் படுத்துப்பா. அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா.

குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு நான் இங்க வந்த புதுசுல ஒரு நாள் கோடு சரசரன்னு இறங்கி அடியில போய்ப் படுத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு லேசா தலையைத் தூக்குச்சு. பக்கத்து சீட்டுக்காரன் பீரங்கி, குரலுக்காக வச்ச பேரு, "ஏறுதுடா, வாங்கு வாங்கு"ன்னு அலறினான். எனக்குத் தூக்கக் கலக்கம். "சும்மா இருடா, அது எட்டிப்பா. இப்பத் தூங்கிடும்"னேன். தூங்கிடுச்சு.

அதோட வார்த்தை ஒட்டிக்கிச்சு. விழுந்த விலை ஒரு தடவை தலை தூக்கினா எட்டிப்பா. நம்பாதே, வித்துட்டுக் கிளம்புன்னு அர்த்தம். போன் வழியா மத்த ஆபீஸுக்கெல்லாம் போச்சு. தமிழே தெரியாதவங்க அதைச் சொல்லிக் கேட்டிருக்கேன். அப்பல்லாம் என் பொண்ணு கவுன் போட்டுக்கிட்டு முன்பின் தெரியாத தெருவுல தனியா நடந்து போற மாதிரி இருக்கும்.

அவ வளந்துட்டா. நான் இங்க வந்தப்புறம், அவ என்னைச் சொல்ற 'நீ'ங்கிறது எப்ப 'நீங்க' ஆச்சுன்னு தெரியல. யாரும் சொல்லிக் குடுக்கல.

இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது. "இன்னும் அஞ்சு வருஷம் போட்டுத் தரேன், இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லு"ன்னார் ஈரத்துணி. "ஊருக்குப் போய் என்னய்யா பண்ணப்போறே? மொத வாரம் விருந்தாளி, அப்புறம் மூலையில கிடக்குற நாற்காலி." எனக்கும் அந்த பயம்தான். என் சம்சாரத்தைக் கேட்டேன். "எனக்கு வாங்கன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும். பொண்ணைக் கேளுங்க, அவளுக்குத்தான் உங்களைப் பழக்கமில்ல"ன்னா.

மத்தியானம் பொண்ணே கூப்பிட்டா. புதுசா ஒரு புரோக்கர் ஆபீஸ்ல சேந்திருக்கா.

"அப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. ட்ரெயினிங் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது. எட்டிப்பான்னு ஒண்ணு இருக்காமே, உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"எங்க சார் கதை சொன்னார். அந்தக் காலத்துல ஒரு குட்டையான வியாபாரியாம். கூட்டத்துல விலைப் பலகை தெரியாம எட்டி எட்டிப் பாப்பாராம். அவர் பாத்து முடிக்கிறதுக்குள்ள விலை விழுந்துடுமாம்!"

"அப்படியா சொன்னார்?"

"ஏன், இல்லையா?"

வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா "ஓ, அப்படிங்களா"ம்பா. மரியாதையா சிரிப்பா. அந்தச் சிரிப்பைக் கேக்க எனக்குத் தெம்பில்ல.

"இருக்கும்மா. பாவம், குட்டையான மனுஷன்."

"அம்மா சொன்னாங்க, இன்னும் அஞ்சு வருஷம் இருக்கச் சொல்றாங்களாமே?"

"ஆமா. நீ என்னம்மா சொல்றே?"

"நான் என்ன சொல்றது? உங்க சௌகரியம் பாத்துக்குங்கப்பா."

வச்சுட்டா. சௌகரியம். அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சோ. சரி, கையெழுத்துப் போட்டுடலாம்னு எழுந்தேன். வெயில் என் ஷூ வரைக்கும் வந்திருந்துச்சு. போன் திரும்ப அடிச்சுது. அவதான்.

"என்னம்மா, எதாவது மறந்துட்டியா?"

அங்க ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சு. நடுவுல அவ மூச்சு.

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்." அப்புறம், "இருக்கியா?"

"இருக்கேன்டா."

"சரி."

வச்சுட்டா. நான் போனைக் காதுலேர்ந்து எடுக்காம நின்னேன்.

"யாருடா கொட்டாவி?"ன்னான் பீரங்கி.

"எட்டிப்பா."

"ஐயையோ, நம்பிடாதே! வித்துட்டுக் கிளம்பு."

"கிளம்பத்தான்டா போறேன்"னு சொல்லிட்டு, ஈரத்துணி ரூம் கதவைத் தட்டினேன்.