தள்ளிப்போகும் ரோடு

அந்த ஊரிலிருந்து ஒருவர் வெளியூருக்குக் குடிபோனால், பஸ் ஓடும் மெயின் ரோடு ஒரு வயல் அகலம் தள்ளிப்போகும். முதலில் போனவர் சலவைக்கடைக்காரர். மறுநாள் பஸ் ஏறப் போனவர்கள் கூடுதலாக ஒரு வயலைத் தாண்ட வேண்டியிருந்தது. செருப்பில் சேறு ஒட்டியதே என்பதைத் தவிர யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு வாத்தியார் குடும்பம் போனது, மாவு மில்காரர் போனார், படிக்கப் போன பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். ரோடு இவ்வளவு தூரத்தில் இருந்தால் எப்படிக் குடியிருப்பது என்று இன்னும் சிலர் போனார்கள். அவர்கள் போனதால் அது இன்னும் தள்ளியது. அளக்க வந்த அதிகாரி, ரோடு இருந்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு, அதைப் போய்ச் சேர மத்தியானம் முழுக்க நடந்தார்.

குழந்தை பிறந்தால் ரோடு கிட்டே வரும். ஆனால் பிள்ளை பெறும் வயதுக்காரர்கள்தான் முதலில் மூட்டை கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூளையைக் கசக்கி, போனவர்களையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டு ஒரு வாரம் தங்கவைத்தார்கள். ரோடு அசையவில்லை. வந்தவர்கள் எல்லோர் பையிலும் திரும்பிப் போகிற டிக்கெட் இருந்தது. விருந்துக்கு வெட்டிய ஆடுகள் போனதுதான் மிச்சம்.

தையல்காரியின் புருஷன் கொத்தனார். கல்யாணமான வருஷமே நகரத்துக்குப் போய் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்துவிட்டான். மாதம் ஒருமுறை வருவான். அவன் வரும்போது ரோடு நகராது. அதை அவளும் கவனித்தாள், அவனும் கவனித்தான். அவள் உண்டாகி, நாள் நெருங்கியபோது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, வீட்டில் பெற்றால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொன்னாள்.

"நான் வந்துடுவேன்க்கா. ரோடுதான் வரணும்" என்றாள் தையல்காரி.

சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்தது. வரப்பில் வண்டி போகாது. இருந்த நாலு ஆம்பளைகள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சேதி கேட்டு வந்த கொத்தனார் பஸ்ஸை நிற்கச் சொல்லிவிட்டு, வயல்களைத் தாண்டி ஓடிவந்து சேர்ந்தான். பஸ் தூரத்தில் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அவள் தொய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் இனிமே இங்கதான்" என்று ரோட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். அது அசையவில்லை. சட்டைப்பையிலிருந்த திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கிழித்தான். அப்போதும் அசையவில்லை.

"பொய் சொல்லாத. நான் நம்பிடுவேன், அது நம்பாது" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவனுக்கு நகரம் பிடித்திருந்தது. மாடி மேல் மாடியாகக் கட்டிவிட்டு, இங்கே வந்து மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பூசுவதை நினைத்தாலே கசந்தது. ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. இவள் போய்விட்டால் மாடி எதற்கு என்று தோன்றியது. போனை எடுத்தான்.

"அண்ணே, சைட்ல என் கரண்டி, மட்டப்பலகை எல்லாம் இருக்கு. யாருக்காவது குடுத்துருங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னவன் அழுதுவிட்டான்.

ரோடு இந்த முறை ஒரு வயலோடு நிற்கவில்லை; பஸ்ஸின் படிக்கட்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றது. டிரைவர் வண்டியை நகர்த்தியிருக்கவில்லை. "பாத்து ஏத்துங்க, தலை இடிக்கும்" என்றார் கண்டக்டர்.

பெண் குழந்தை. அது பிறந்ததும் ரோடு மிச்சமிருந்த வயல்களையும் தாண்டி, தையல்கடை வாசலுக்கே வந்துவிட்டது. பிள்ளை தூங்கும் நேரத்தில் ஹார்ன் அடிக்காதே என்று தையல்காரி டிரைவரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறாள். பஸ் வந்து நிற்கும்போது சில நாள் கொத்தனார் பூச்சுவேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ரோடு ஒரு முழம் பின்வாங்கும். அவள் மெஷினிலிருந்து தலை தூக்காமல், "சாப்பிட வா" என்பாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவான். ரோடு வாசலுக்குத் திரும்பி வந்துவிடும்.