மூச்சு தெரிகிற மேடு

…அந்த வேனில் மட்டும் ஏறப்போவதில்லை, செத்தாலும் ஏறப்போவதில்லை, சீ, என்ன வார்த்தை இது, சாவைத்தான் போன வருடம் கிட்டத்தில் பார்த்தாயிற்றே, பத்தொன்பது நாள், வாயில் குழாய், மூச்சை மிஷின் விட்டது, அவள் சும்மா கிடந்தாள்… இப்போது பார், குளிரில் ஒவ்வொரு மூச்சும் வெள்ளையாக முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, சொந்த மூச்சு, இரவல் இல்லை, அதைக் கிழித்துக்கொண்டு சைக்கிள் போகிறது. அவள் கிடந்த அதே ஆஸ்பத்திரி வார்டுக்கு இன்னொரு மூச்சுக் கருவி வாங்கப் பணம் திரட்டத்தான் இந்த எண்பது கிலோமீட்டர் மலைப்பாதை, இருநூறு பேர், அதில் அவள்தான் கடைசி. கடைசி ஆளும் ஆள்தானே? மூன்று மணிக்குள் உச்சியைத் தொடவேண்டும், தொடாதவர்களைப் பின்னால் வரும் வேன் சைக்கிளோடு அள்ளிக்கொண்டு போய்விடும். வேனை ஓட்டுவது யார்? வேறு யார், அவள் வீட்டுக்காரர்தான், நானே ஓட்டுகிறேன் என்று வலியப் போய்ப் பெயர் கொடுத்த மகானுபாவர், பின் சீட்டில் கம்பளி விரித்து, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி… பெண்டாட்டி தோற்பதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்த புருஷன் உலகத்தில் உண்டா?

இன்னும் மூன்று வளைவு. கியரெல்லாம் தீர்ந்துபோயிற்று, விரல் இருக்கிற இடமே தெரியவில்லை, தொடை எரிகிறது, எரியட்டும், இருபத்தாறு வருடம் தையல் மிஷின் மிதித்த கால் இது, எத்தனை பள்ளிச் சட்டை, எத்தனை பாவாடை, மிதித்ததையெல்லாம் சேர்த்தால் பூமியை ஒரு சுற்று வந்திருக்கலாம், மிஷின்தான் ஓர் அங்குலம் நகரவில்லை… வேன் பக்கத்தில் வருகிறது, கண்ணாடி இறங்குகிறது. “போதும்மா, உதடெல்லாம் நீலமாயிடுச்சு, ஏறிக்கோ. யாரு கேக்கப் போறா?” நான் கேப்பேன் என்றாள், அதற்கே இரண்டு மூச்சு செலவு. மணி என்ன? “ரெண்டு நாப்பத்தெட்டு.” பொய் சொல்லத் தெரியாத மனிதர், பத்து நிமிடம் கூட்டிச் சொல்லியிருந்தால் இறங்கித்தான் தொலைத்திருப்பாள், ஏன் சொல்லவில்லை? வீட்டில் குடத்தைத் தொட்டால் பிடுங்குகிறவர், படியேறினால் பின்னாலேயே வருகிறவர்… “கண்ணாடிய ஏத்துங்க, உங்களுக்குத்தான் சளி பிடிக்கும்!”

ஒரு வளைவு, இன்னொன்று, சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கிறாள், மிதி, மிதி, அதோ கொடி, கொடிக்குக் கீழே கையில் கடிகாரத்தோடு வார்டு நர்ஸ், வாயிலிருந்து குழாயை எடுத்த அதே பெண், “அக்கா, ரெண்டு அம்பத்தெட்டு! வாங்கக்கா வாங்க!” முன் சக்கரம் கோட்டைத் தாண்டியது. தாண்டியேவிட்டது! யார் யாரோ கை தட்டுகிறார்கள், அவள் மணியை அடி அடியென்று அடிக்கிறாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது, வரட்டும், இன்றைக்கு அவளை யார் என்ன சொல்லிவிட முடியும்? பெருமையடிக்கத் திரும்பினாள். வேன் கதவைத் திறந்து அவர் இறங்குகிறார், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து புகை புகையாக, அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு. உட்கார்ந்து வந்தவருக்கு என்ன இப்படி? கிட்டே வந்தவர் கையுறையைக் கழற்றி, ஒரு விரலை அவள் மூக்கருகே நீட்டினார். அந்த விரல்… தூக்கத்தில் மூக்கருகே ஒரு விரல் வந்து நின்றுவிட்டுப் போகும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக, அதைக் கனவு என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்…