இரண்டாவது டிஸ்க் வெளியே போயிருக்கிறது

நூலகத்தின் மாடியில், படிக்கட்டு மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில், ஆவணப்பட அறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவளை ஊரே 'போர் அக்கா' என்று கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் இருந்த படங்களெல்லாம் மூன்றே சங்கதிதான்: பத்திரிகைக்காரர்கள், போர், அதிகாரம். யாராவது காதல் படம் கேட்டு வந்தால் சமாதான ஒப்பந்தம் பற்றிய படத்தை எடுத்துக் கொடுப்பாள். முடிவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பாள்.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஆளைப் பார்த்துப் படம் கொடுப்பது அவள் வழக்கம். மாமியாரோடு பேச்சு நின்றுபோன மருமகள் ஒருத்திக்கு எல்லைத் தகராறு பற்றிய படத்தைக் கொடுத்தாள். இருவரும் சமையலறை நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. தூக்கம் வராத ஒரு கம்பெனி மானேஜருக்குப் பாராளுமன்ற விசாரணைப் படம். நம்பாதவர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், ஆனால் எழுப்ப முடியாது.

அக்காவிடம் ஒரு கறாரான விதி உண்டு. இரண்டு டிஸ்க் உள்ள படத்தைச் சேர்த்துக் கொடுக்கமாட்டாள். முதலாவது திரும்பி வந்தால்தான் இரண்டாவது போகும். ஒரு பல் டாக்டர் இரண்டையும் ஒன்றாக வாங்கிப் போய், ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் மேல் டீ டம்ளரை வைத்துத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு.

இப்படி நடந்துகொண்டிருந்த அறைக்குத்தான் வினை வந்தது. நகர்மன்றத் தலைவர் தன்னைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரக் காற்றோட்டமான அறை வேண்டுமென்று கேட்டார். ஊரிலேயே அதிகக் காற்று அடிக்கிற அறை அக்காவுடையது. மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். படங்களைக் கீழே கிடங்கில் போட்டுக்கொள்ளலாமாம். கிடங்கில் போன மழைக்கு வந்த தண்ணீர் இன்னும் விடைபெறவில்லை.

அக்காவின் கணவன் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். அறையைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னாள். ஆசிரியரும் தலைவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் எழுதினா அது அச்சுக்குப் போகாது. நான் வீட்டுக்குப் போவேன்."

சரி, நம் மருந்து நம் கையில் இருக்கும்போது பக்கத்து வீட்டில் எதற்குக் கேட்பது என்று அக்கா தானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு தளபதி. பத்திரிகைகளை மூடுகிறான், பக்கத்து நாட்டோடு போர் தொடுக்கிறான், கடைசியில் நாற்காலி போய், நண்பர்கள் போய், தன் செருப்பைத் தானே தேடுகிறவனாக ஆகிறான். இதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்டவனும் அடங்கிப்போவான் என்று கணக்குப் போட்டு, முதல் டிஸ்க்கைத் தலைவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அடுத்த வாரம் நிருபர் தலையில் இரும்புத் தொப்பியோடு வீட்டுக்குள் வந்தான். தலைவர் எல்லா நிருபர்களையும் தன் வண்டியிலேயே ஏற்றிப் புதுக் கழிவுநீர்க் கால்வாயைக் காட்டப் போயிருக்கிறார். வண்டியில் ஒரு பக்க ஜன்னல்தான் திறந்ததாம். கால்வாய் வேலை முடிந்திருந்ததும் அந்தப் பக்கம்தானாம். பாதுகாப்புக்கு என்று ஆளுக்கொரு தொப்பி, வழியில் கேக், டீ. படத்தில் தளபதி போர்முனைக்கு நிருபர்களைக் கூட்டிப்போவது அச்சு அசலாக இப்படித்தான்.

"புலிக்கு நகம் தீட்டிக் கொடுத்திருக்கியே," என்றான் தொப்பியைக் கழற்றாமலே.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் டிஸ்க் தளபதிக்கு மெடல் குத்தி, பேண்டு வாசிப்பதோடு முடிகிறது. செருப்பைத் தேடுவதெல்லாம் இரண்டாவதில். தன் விதியே தன் காலை வாரிவிட்டது. தலைவர் அரைக் கிணறு தாண்டி, அந்தரத்திலேயே சந்தோஷமாக நிற்கிறார்.

திங்கட்கிழமை காலை தலைவரே மாடியேறி வந்தார். பின்னால் டிரைவர், இரு கைகளிலும் டிஸ்க்கை ஏந்திக்கொண்டு. படம் பிரமாதம், நல்லவன் ஜெயித்துவிட்டான் என்று பாராட்டினார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, சோபா எங்கே போடலாம் என்று கையால் அளந்தார்.

அக்கா இரண்டாவது டிஸ்க்கை எடுக்க அலமாரிக்குத் திரும்பினாள். உறை காலி. கூட்டிப்போன நிருபர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று பார்க்க, நிருபர் முந்தின நாளே அதைத் தன் பையில் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"படம் இன்னும் முடியலீங்க ஐயா. ரெண்டாவது டிஸ்க் இருக்கு. வெளியே போயிருக்கு."

சோபா அளந்த கை நின்றது. யாரிடம் போயிருக்கிறது என்று தலைவர் கேட்டார். எடுத்தவர் பேரைச் சொல்கிற பழக்கம் இங்கே இல்லை என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கீழே பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்து முடித்து, நூலக வாசலில் இறங்கிப் போனார். ஜன்னல் வழியே பார்த்த தலைவரின் முகம் வாடகை வீட்டுச் சுவர் மாதிரி ஆனது.

"முடிவை மட்டும் சொல்லும்மா."

"சொன்னா சுவை போயிடுமேங்க. தளபதியோட டிரைவர்தான்…" என்று ஆரம்பித்தவள், வேண்டாம் என்பதுபோல நிறுத்திக்கொண்டாள்.

தலைவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் மின்விசிறியைப் பார்த்தான். அந்த டிஸ்க் திரும்பி இங்கேதானே வர வேண்டும், வந்து சேரும்வரை அறையை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் மெதுவாக இறங்கிப் போனார். அன்றிலிருந்து வண்டியைத் தலைவரே ஓட்டினார். டிரைவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான், சம்பளம் குறையவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு நிருபர் சாப்பிட்ட கையோடு சிரித்தான். பிறகு சந்தேகம் வந்தது. படத்தில் அந்த டிரைவர் அப்படி என்னதான் செய்கிறான்?

"ஒண்ணும் இல்லைங்க. மறுபக்க ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்குதுன்னு ஒரு நிருபர் கேட்கிறான். இவன் வழி சொல்றான். அவ்வளவுதான்."

நிருபர் எழுந்து போய்க் கை கழுவினான். மறுநாள் பின்சீட்டில் வெட்டியாக இருந்த டிரைவரிடம் போய் ஒரு தெருவுக்கு வழி கேட்டான். நடந்தே போனான். மறுபக்கத்தில் கால்வாய் தோண்டின பள்ளத்தோடு நின்றிருந்தது. அதில் ஒரு வாத்துக் குடும்பம் குடியேறியிருந்தது. அவன் எழுதியதை ஆசிரியர் வழக்கம்போல மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். ஆனாலும் ஒரு நிருபர் நடந்து போனான் என்கிற சேதி தலைவர் காதுக்கு எட்டிவிட்டது. இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தவன் எவனோ ஊருக்குள் நடமாடுகிறான் என்று அவர் முடிவு கட்டினார். மாதம் முடிவதற்குள் மறுபக்கமும் கால்வாய் ஓடியது. வாத்துகளுக்குத்தான் மனக்கஷ்டம்.

திங்கள் தவறாமல் தலைவர் படியேறி வந்து, டிஸ்க் வந்துவிட்டதா என்று கேட்கிறார். இல்லை என்று அக்கா சொல்கிறாள். ஏறி வந்ததற்கு வேறு படமாவது கொடு என்று ஒன்றை வாங்கிப் போகிறார். இப்போதெல்லாம் ஒரே டிஸ்க்கில் முடிகிற படமாகப் பார்த்துத்தான் கொடுக்கிறாள்.

ஒரு நாள் நிருபர் பையைத் துழாவிக்கொண்டே, நாளைக்கு அதைக் கொண்டுவந்து வைத்துவிடட்டுமா என்று கேட்டான்.

"முழுசாப் பார்த்துட்டீங்களா?"

"பாதியில தூங்கிட்டேன்."

"அப்போ நிதானமாப் பாருங்க."

"எவ்வளவு நிதானமா?"

அக்கா நாளைய படங்களின் உறைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேர்தல் வரைக்கும்," என்றாள்.